'பாஸ்': ஒரு சொல், பல பொருள்



க.பொ.த. (சாதாரண தரம்) ஆங்கில வினாத்தாளில் புள்ளி போவது பெரிய பெரிய சொற்களால் என்றுதான் பலரும் நினைக்கிறீர்கள். உண்மை அப்படியல்ல. நீளமான சொல் ஒன்று வந்தால் அது தெரியாது என்பதாவது எமக்குத் தெரிகிறது. அகராதியைப் பார்க்கிறோம், ஆசிரியரைக் கேட்கிறோம். தெரிந்த சொல்தானே என்று நிற்காமல் வாசித்துக்கொண்டு போகும் நான்கெழுத்துச் சொற்களிலேதான் பிழை விடுகிறோம். அப்படியான ஒரு சொல்லை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். அது 'பாஸ்'.

இந்தச் சொல் தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வசனமும் பேசாத அப்பாச்சிகூட, "பொடியன் சோதினை பாஸ் பண்ணிட்டானோ?" என்று கேட்பா. ஆனால் அதே சொல் வாசிப்புப் பகுதி ஒன்றில் "ஹிஸ் கிராண்ட்பாதர் பாஸ்ற் அவே" என்று வந்தபோது, தாத்தா தூர இடத்துக்குப் போய்ச் சோதனையில் சித்தியடைந்தார் என்று விடை எழுதிய பிள்ளைகள் உண்டு. சிரிக்க வேண்டாம். தெரிந்த ஒரு பொருளை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்யும் வேலைதான்.

அகராதியில் இச்சொல்லுக்கு ஒரு பக்கம் நிறையப் பொருள் இருக்கும். அவற்றைப் பாடமாக்க வேண்டாம். இச்சொல் இலத்தீன் மொழியின் 'பஸ்ஸுஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பஸ்ஸுஸ்' என்றால் காலடி, அதாவது நடக்கும்போது எடுத்து வைக்கும் ஓர் எட்டு. எட்டு வைத்தால் ஓரிடத்தைக் கடக்கிறோம். ஆகவே அடிப்படைப் பொருள் 'கடத்தல்' என்ற ஒன்றுதான். எந்த வசனத்தில் இச்சொல் வந்தாலும் உங்களிடம் நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே எது எதைக் கடக்கிறது?

சோதனையை எடுத்துப் பாருங்கள். 35 புள்ளி என்பது ஒரு கோடு. அதைக் கடந்தால் 'எஸ்', அதாவது சாதாரண சித்தி. பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் 'பாஸ்' ஆகிறது என்றால் அது வாக்கெடுப்பைக் கடந்து நிறைவேறுகிறது. சாப்பாட்டு மேசையில் "பாஸ் த சோல்ற், பிளீஸ்" என்றால் உப்பு ஒரு கையைக் கடந்து மற்றக் கைக்கு வரவேண்டும். மைதானத்தில் "பாஸ், பாஸ்!" என்று கத்தும்போது பந்து ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் போகிறது. நீதிபதி 'சென்ரன்ஸ் பாஸ்' பண்ணினார் என்று வந்தால் அது வசனம் அல்ல. தண்டனைத் தீர்ப்பு வழங்கினார் என்பது. தீர்ப்பு அவர் வாயைக் கடந்து வெளியே வந்துவிட்டது, இனித் திரும்பாது. வினாத்தாளின் தலையில் "றீட் த பொலோயிங் பாசேஜ்" என்று இருக்குமே, அந்தப் 'பாசேஜ்' என்பதும் இதன் பிள்ளைதான். வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கடந்து போகும் ஒடுக்கமான நடைவழிக்கும் அதே பெயர். எழுத்தில் அது ஒரு பகுதி.

ஆனையிறவும் இறந்தகாலமும்

இச்சொல்லின் அடிப்படைப் பொருளைக் காண நாம் இலண்டனுக்குப் போகத் தேவையில்லை. ஏ-9 வீதியில் கிளிநொச்சிக்குப் போகும் வழியில் குடாநாட்டின் கழுத்தில் இருக்கிறது ஆனையிறவு. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'எலிபன்ற் பாஸ்'. 'பாஸ்' என்றால் கணவாய் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்த பிள்ளை இங்கே குழம்பும். கைபர் கணவாய் மலைக்கு நடுவில் இருக்கிறது. ஆனையிறவில் மருந்துக்கும் மலை இல்லையே! ஆங்கிலத்தில் மலைக்கு நடுவிலான வழி மட்டும் 'பாஸ்' அல்ல. கடந்து போகக்கூடிய ஒடுக்கமான எந்த வழியும் 'பாஸ்'தான். ஆனையிறவில் கடந்தது ஆழமற்ற கடல்நீரேரியை. கடந்தவை யானைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்ட யானைகளை இவ்வழியாகக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவை ஊர்காவற்துறையில் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டன. ஊர்காவற்துறைக்கு ஆங்கிலத்தில் 'கயிற்ஸ்' என்ற பெயர் வந்ததே, கப்பல் ஏற்றும் மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்துதான் என்பார்கள். யானை நடந்த வழி முழுவதும் இப்படிப் பெயர்களில் இருக்கிறது.

இனித் தமிழ்ப் பெயரைப் பாருங்கள். ஆனை + இறவு. ஆனை என்பது யானை. இறவு என்றால் என்ன? "ஆனைகள் செத்த இடமோ சேர்?" என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். 'இற' என்ற வினைச்சொல்லுக்குப் பழைய தமிழில் முதற்பொருள் 'கடந்து செல்' என்பதே. சங்கப் பாடல்களில் தலைவன் சுரம் இறந்தான் என்று வந்தால் அவன் பாலைநிலத்தைக் கடந்து போனான் என்பதுதான் பொருள். அங்கே போய்ச் செத்துவிட்டான் என்பதல்ல. எனவே ஆனையிறவு என்றால் ஆனை கடக்கும் வழி. ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்றுக்கொன்று சரியான மொழிபெயர்ப்பு.

விடயம் இதோடு முடியவில்லை. தமிழ் இலக்கணத்தில் முக்காலம் படித்திருக்கிறீர்கள். இறந்தகாலம் என்பது செத்த காலம் அல்ல, கடந்த காலம். ஆங்கிலத்தில் அது 'பாஸ்ற் ரென்ஸ்'. அந்தப் 'பாஸ்ற்' வேறு எங்கிருந்தும் வரவில்லை. 'பாஸ்' என்ற வினையின் முடிந்த வடிவந்தான் பிறகு தனிச்சொல்லாக நின்றுவிட்டது. மனிதர் ஒருவர் இவ்வுலகைக் கடந்து போனால் தமிழில் 'இறந்தார்'. ஆங்கிலத்தில் 'பாஸ்ற் அவே'. பழந்தமிழில் 'இறப்ப' என்றால் அளவைக் கடந்து, மிகவும் என்று பொருள். ஆங்கிலத்தில் ஒருவரை விஞ்சுவது 'சேர்பாஸ்'. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், கடத்தல் என்ற ஒரே எண்ணத்திலிருந்து புறப்பட்டு இடத்துக்கும் காலத்துக்கும் சாவுக்கும் மிகுதிக்கும் ஒரே வழியாகப் போயிருக்கின்றன. ஒரு மொழி மற்றதைப் பார்த்து எழுதவில்லை. மனித மனம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது என்பதே இதன் விளக்கம் என்று எனக்குப் படுகிறது. தமிழ்மொழி மூலம் படிப்பதால் ஆங்கிலம் வராது என்று சொல்பவர்களுக்கு இந்த ஓர் உதாரணத்தைச் சொல்லுங்கள். 'இற' தெரிந்தவனுக்கு 'பாஸ்' பாதி தெரியும்.

ஆனையிறவின் பிற்காலக் கதை உங்கள் பெற்றோருக்குத் தெரியும். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் அங்கே பெரும் சண்டைகள் நடந்தன. அக்காலத்தில் 'பாஸ்' என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறொரு கனம் இருந்தது. ஓரிடத்திலிருந்து வெளியே போக அனுமதிப் பத்திரம் வேண்டும். அதை எல்லோரும் 'பாஸ்' என்றே சொன்னார்கள். "பாஸ் கிடைச்சிட்டுதோ?" என்ற கேள்விக்கும் சோதனைக்கும் சம்பந்தம் இல்லை. கொழும்பில் வைத்தியம் பார்க்கப் போகிறவரும் வெளிநாட்டுப் பயணத்துக்குப் போகிறவரும் அந்தத் துண்டுக்காகக் காத்திருந்தார்கள். 2009 இற்குப் பின் பிறந்த உங்களுக்கு அது கதை. ஆனால் இலக்கணம் அதேதான்: காவலைக் கடக்க உதவும் கடதாசி. விமானத்தில் ஏறும்போது தரும் 'போடிங் பாஸ்', 'பாஸ்போட்' எல்லாம் அந்த வகை. நீங்கள் பஸ்ஸில் காட்டும் பருவச்சீட்டை ஆங்கிலக் கட்டுரையில் 'சீசன் ரிக்கற்' என்று எழுதுங்கள். 'சீசன்' என்று மட்டும் எழுதினால் வெளியூர்க்காரருக்கு அது மாம்பழக் காலம்.

ஒற்றை எஸ், இரட்டை எஸ்

இப்பாடத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. உச்சரிப்பில் 'பாஸ்ற்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பி-ஏ-எஸ்-எஸ்-ஈ-டி. இதை இரட்டை எஸ் என்போம். மற்றது பி-ஏ-எஸ்-ரி. இதை ஒற்றை எஸ் என்போம். காதுக்கு வித்தியாசம் இல்லை. கண்ணுக்கு மட்டுமே உண்டு. அதனால்தான் சொல்வதெழுதலில் பிழை வருகிறது.

விதி சின்னது. வசனத்தில் அது வினைச்சொல்லாக வேலை செய்தால் இரட்டை எஸ். வேறு எந்த வேலை செய்தாலும் ஒற்றை எஸ். சோதிக்கும் வழியும் சுலபம். அந்த வசனத்தில் வேறு வினைச்சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். "த பஸ் பாஸ்ற் த ரெம்பிள்" என்பதில் வேறு வினை இல்லை. ஆகவே இரட்டை எஸ். "த பஸ் வென்ற் பாஸ்ற் த ரெம்பிள்" என்பதில் 'வென்ற்' என்ற வினை ஏற்கனவே வந்துவிட்டது. ஆகவே ஒற்றை எஸ். இங்கே அது வெறும் முன்னிடைச்சொல். இரண்டுக்கும் தமிழில் பஸ் கோயிலைக் கடந்து போனது என்பதே பொருள். பொருளைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, அமைப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நேரம் சொல்லும்போது 'ஹாஃப் பாஸ்ற் ரென்' (பத்தரை) எப்போதும் ஒற்றை எஸ். 'இன் த பாஸ்ற்', அதாவது முற்காலத்தில் என்பதும் ஒற்றை எஸ். "ரூ இயேர்ஸ் ஹாவ் பாஸ்ற்" என்றால் இரண்டு வருடங்கள் கடந்துவிட்டன. 'ஹாவ்' என்ற துணைவினைக்குப் பின் வருவதால் இரட்டை எஸ்.

இங்கே ஒரு பொதுப் பிழையைச் சொல்லியே ஆகவேண்டும். பழைய வினாத்தாள்களுக்கு ஆங்கிலத்தில் 'பாஸ்ற் பேப்பர்ஸ்', ஒற்றை எஸ், கடந்தகால வினாத்தாள்கள். மதிலில் ஒட்டும் வகுப்பு விளம்பரங்களில் அது கடைசி எழுத்தை இழந்து 'பாஸ் பேப்பர்' ஆகிவிட்டது. பி-ஏ-எஸ்-எஸ் என்றே அச்சடித்து ஒட்டுகிறார்கள். செய்தால் பாஸ் ஆகிவிடுவோம் என்பதால் 'பாஸ் பேப்பர்' என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல நம்பிக்கைதான். ஆனாலும் விடைத்தாளில் அப்படி எழுத வேண்டாம்.

பொழுதுபோக்கு என்ற பொருளில் வரும் 'பாஸ்ரைம்' என்ற சொல்லையும் சேர்த்துப் பழகுங்கள்: பி-ஏ-எஸ்-ரி-ஐ-எம்-ஈ. ஒரே ஓர் எஸ், ஒரே ஒரு ரி. "மை பேவரிற் பாஸ்ரைம்" கட்டுரை அடிக்கடி கேட்கப்படுவது. நாம் பேச்சில் சொல்லும் 'ரைம் பாஸ்' தென்னாசியாவில் உருவான வழக்கு. சினேகிதரோடு பேசலாம், கட்டுரையில் வேண்டாம்.

பின்னால் வரும் சின்னச் சொல்

'பாஸ்' என்ற வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டும்போது பொருள் தலைகீழாகும். இவற்றில் முதலாவது 'பாஸ் அவே'. இது மரணத்தை மரியாதையாகச் சொல்லும் முறை. எங்கள் மரண அறிவித்தல்களில் செத்தார் என்று போடுவதில்லை. காலமானார், சிவபதமடைந்தார், இறைவனடி சேர்ந்தார் என்றே வரும். அதே மரியாதை இதிலும் இருக்கிறது. அதிபருக்கு விடுமுறைக் கடிதம் எழுதும்போது "மை கிராண்ட்மதர் பாஸ்ற் அவே" என்று எழுதுங்கள், இரட்டை எஸ். 'வோஸ் பாஸ்ற் அவே' என்று எழுதுவது பிழை. இறப்பது அவர், அவரை யாரும் இறக்கச் செய்யவில்லை, ஆகவே இதற்குச் செயப்பாட்டுவினை கிடையாது. இந்தப் பிழை இரங்கல் பதாகைகளிலும் வருகிறது. ஒரு வீட்டுத் துக்கத்தை ஊர் முழுவதும் பார்க்கும் இடத்தில் தொங்கும் வசனம் சரியாக இருப்பது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை.

அடுத்தது 'பாஸ் அவுற்'. இங்கே உண்மையான ஆபத்து இருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் ஒருவர் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வெளியேறினால் 'பாஸ் அவுற்' ஆனார் என்கிறோம். பொலிஸ், இராணுவப் பயிற்சி முடிவில் நடக்கும் அணிவகுப்பும் 'பாசிங் அவுற் பரேட்'தான்; அது பிரித்தானிய வழக்கு. ஆனால் மற்ற இடங்களில் சாதாரண ஆங்கிலத்தில் 'பாஸ் அவுற்' என்றால் மயங்கி விழுவது. காலைப் பிரார்த்தனையில் வெயிலுக்குள் நின்ற பிள்ளை "பாஸ்ற் அவுற்" என்றால் அவள் பட்டம் பெறவில்லை. தண்ணீர் கொண்டு ஓட வேண்டும்! உங்கள் அண்ணன் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார் என்று வையுங்கள். "2019 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாஸ் அவுற் ஆனேன்" என்று எழுதினால், வாசிக்கும் வெள்ளைக்காரர் அங்கே இவர் ஏன் மயங்கி விழுந்தார் என்று யோசிப்பார். 'கிராஜுவேற்றட் ப்றொம்' என்று எழுதினால் உலகம் முழுவதும் ஒரே பொருள். நம் வழக்குப் பிழையென்று நான் சொல்லவில்லை. நம் நாட்டுக்குள் அது செல்லும். விமான நிலையத்தைத் தாண்டினால் செல்லாது, அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 'பாஸ் ஓன்' என்றால் செய்தியையோ பொருளையோ அடுத்தவருக்குக் கொடுப்பது. சில இடங்களில் இறப்பதையும் குறிக்கும். 'பாஸ் டவுன்' தலைமுறை வழியாகக் கொடுப்பது: பாட்டியின் சங்கிலி பேத்திக்கு வருவது போல. 'பாஸ் அப்' என்றால் கிடைத்த வாய்ப்பைக் கைவிடுவது. 'அப்' இருக்கிறதே என்று உயர்வு என நினைக்க வேண்டாம். 'பாஸ் ஓவர்' தகுதி இருந்தும் ஒருவரைத் தாண்டி மற்றவருக்குப் பதவி கொடுப்பது. 'பாஸ் ஓஃப்' ஒன்றை வேறொன்றாகக் காட்டி ஏமாற்றுவது: சீனி கலந்த பாணியைத் தேன் என்று விற்பது.

மரபுத்தொடர்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் விரிவாக. 'பாஸ் த பக்' என்றால் தன் பொறுப்பை அடுத்தவர் தலையில் போட்டுவிடுவது. அமெரிக்கச் சீட்டாட்டத்தில் அடுத்ததாகச் சீட்டுப் போட வேண்டியவர் முன் ஓர் அடையாளப் பொருளை வைப்பார்கள். அதன் பெயர் 'பக்'. போட விரும்பாதவர் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். 1945 முதல் 1953 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹரி ட்ரூமன், அந்தத் தள்ளல் தன்னோடு நிற்கும் என்ற பொருளுள்ள ஒரு பலகையைத் தன் மேசையில் வைத்திருந்தார். நம் கந்தோர்களில் "அது என்ர பகுதி இல்லை, அடுத்த மேசையில கேளுங்கோ" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இத்தொடர் ஒருமுறை சொன்னால் மறக்காது.

பொது அறிவுப் போட்டியில் விடை தெரியாத பிள்ளை "பாஸ்" என்கிறது. சோதனையில் பாஸ் என்றால் தெரியும். போட்டியில் பாஸ் என்றால் தெரியாது! இங்கே கேள்வி நம்மைக் கடந்து அடுத்தவரிடம் போகிறது. எது எதைக் கடக்கிறது என்ற கேள்வியைக் கேட்டால் இந்த முரண்பாடும் தீரும்.

உறவில்லாதவை

ஒலி ஒத்திருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. 'பாசிவ் வொய்ஸ்', அதாவது செயப்பாட்டுவினை, இந்தக் குடும்பம் இல்லை. அது படுதல், துன்புறுதல் என்று பொருள்படும் வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் 'அடிக்கப்பட்டான்' என்று 'படு'வைத்தானே சேர்க்கிறோம். கொடித்தோடையின் ஆங்கிலப் பெயரான 'பாஷன் புரூட்'டும் அந்தப் பக்கத்துப் பிள்ளை. அதன் பூவில் இயேசுவின் பாடுகளின் அடையாளங்களைக் கண்டு கத்தோலிக்கக் குருமார் வைத்த பெயர் அது. யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் மேடையேற்றும் திருப்பாடுகளின் நாடகத்தை ஆங்கிலத்தில் 'பாஷன் பிளே' என்பதும் அதனால்தான். 'பாஷன்' என்றால் ஆசை என்று மட்டும் படித்தவர்கள் இங்கே கவனிக்க.

பயிற்சி

கீழுள்ள வசனங்களில் 'பாஸ்ற்' என்பது ஒற்றை எஸ்ஸா, இரட்டை எஸ்ஸா? தமிழில் பொருளும் எழுதுக.

1. த ட்றெயின் பாஸ்ற் எலிபன்ற் பாஸ் அற் நைன்.
2. வீ வோக்ட் பாஸ்ற் த லைப்ரரி.
3. இற் இஸ் ரென் பாஸ்ற் பைவ்.
4. ஷி ஹாஸ் பாஸ்ற் இன் சிக்ஸ் சப்ஜெக்ற்ஸ்.
5. ஹி பாஸ்ற் த பக் ரு ஹிஸ் பிரண்ட்.
6. போகெற் த பாஸ்ற்.

விடைகள்: (1) இரட்டை. புகையிரதம் ஒன்பது மணிக்கு ஆனையிறவைக் கடந்தது. (2) ஒற்றை, 'வோக்ட்' என்பதே வினை. நாங்கள் நூலகத்தைக் கடந்து நடந்தோம். (3) ஒற்றை. ஐந்து மணி பத்து நிமிடம். (4) இரட்டை, 'ஹாஸ்' துணைவினை. அவள் ஆறு பாடங்களில் சித்தியடைந்திருக்கிறாள். பாடத்தைச் சொல்லும்போது 'இன்' வரலாம். 'த எக்ஸாம்' என்று வந்தால் 'இன்' போடக்கூடாது. (5) இரட்டை. அவன் தன் பொறுப்பை நண்பன் தலையில் போட்டான். (6) ஒற்றை, இங்கே அது பெயர்ச்சொல். கடந்ததை மற.